இக்னிஷன் வயரை நேரடியாக இணைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களின் இக்னிஷன் சுவிட்ச் சீக்கிரம் கெட்டுப்போகிறது, திறப்பைக் கொஞ்சம் அசைத்தால்தான் லைட் எரியும், பள்ளத்தில் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இதற்குச் சில கராஜ்களில் சுவிட்சை விட்டுவிட்டு, திறப்பில்லாமலே ஸ்டார்ட் ஆகும்படி வயரை நேரடியாக இணைத்துத் தருகிறார்கள். அது திருடனுக்குச் செய்கிற உதவி. பல மொடல்களில் பூட்டுக்கு அடியில் உள்ள சுவிட்ச் பகுதி தனியாகக் கழன்று வரும். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சுக்குள் இருக்கிற செம்புத் தொடுமுனைகளில் படிந்த பச்சைக் களிம்பை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, கொன்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்கிற ஸ்பிரே) அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். திறப்புத் துவாரத்துக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும், கிரபைட் தூள் போதும். ஓடும்போதே திறப்பு கழன்று வருகிறதென்றால் பூட்டோ திறப்போ நன்றாகத் தேய்ந்துவிட்டது, அப்புறம் பூட்டையும் திறப்பையும் செட்டாக மாற்றத்தான் வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை