லீன் என்றதும் சென்சாரை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரை மாடிஃபை செய்யும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். என் பெட்ரோல் காரில் கோன் ஃபில்டரும் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) ஹெடரும் (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்கள்) போட்ட இரண்டே வாரத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண், அதாவது லீன்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் எடுத்த எடுப்பிலேயே புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள், அப்புறம் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பணம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் நானே ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் பார்த்தேன், அதாவது காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலில் (ரேஸ் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது) கூட்டல் 22, ரேஸ் கொடுத்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5. இப்படி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம், ஏனென்றால் ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் சின்ன ஓட்டை கூடப் பெரிதாகத் தெரியும். மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டரைப் பாருங்கள். எனக்குக் கிளாம்ப்புக்கு அடியில் வேக்கூம் ஹோஸ் (இன்ஜின் காற்று இழுக்கும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாய்) நகக்கண் அளவு வெடித்திருந்தது, கையால் வளைத்தால்தான் தெரிந்தது.

ஹெடர் போட்டவர்கள் அதன் இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, லீனாக இல்லாத இன்ஜினையும் லீன் என்று காட்டும். நிஜமாகவே லீன் என்றால் அதோடு வண்டியை விரட்டாதீர்கள், நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டனே உருகிவிடும். தீப்பற்றும் ஸ்பிரே அடித்துக் கசிவு தேடுவதைச் சூடான இன்ஜினில் தயவுசெய்து செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி உள்ள கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்