ஜட்காவுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு
நவம்பர், ஞாயிறு காலை

அன்புள்ள ஜட்கா,

போன வாரம் போனில் நீ கேட்ட ஒரே கேள்வி, "குதிரை மேல ஏறினியா, இல்ல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துட்டியா?" என்பதுதான். ஏறினேன்டா. மூன்று நாளில் மொத்தம் ஏழு மணி நேரம் இருக்கும். மிச்ச நேரம் என்ன செய்தேன் என்பதைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளையோடு வேலை செய்யும் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், மூன்று குதிரை வைத்திருக்கிறார், வருஷா வருஷம் செப்டம்பரில் அவற்றை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வடக்கே காட்டில் போய்த் தங்குவாராம். எங்களையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது என் எடை. பெயரைக் கேட்டது அதற்குப் பிறகுதான். ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கணக்காம். நான் 84 கிலோ, அவர்கள் சேணமே 15 கிலோ வரும், ஆகவே இருந்ததிலேயே பெரிய குதிரை என் தலையில் விழுந்தது, அல்லது நான் அதன் முதுகில் விழுந்தேன் என்று வைத்துக்கொள்.

இடம் மிச்சிகன் மாநிலத்தில் பிஜன் ரிவர் காடு. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். பைன், மேப்பிள், அப்புறம் லேசான காற்றுக்கே இலையெல்லாம் படபடக்கும் ஆஸ்பென் என்று ஒரு மரம். பக்கத்து ஊர் வாண்டர்பில்ட்டில் 1934 பிப்ரவரியில் மைனஸ் 46 டிகிரி வரை இறங்கியதாம், அந்த மாநிலத்திலேயே அதுதான் இன்றுவரை ரெக்கார்டு. நாங்கள் போனபோது ராத்திரி ஐந்து டிகிரி. அதற்கே எனக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா. ஏற்காட்டுக்காரன் என்று பெருமை பேசிக்கொண்டு போனவன் நான்!

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரு குதிரைக்கு நாளைக்குப் பத்து கிலோ காய்ந்த புல், முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர். மூன்று குதிரைக்கு எவ்வளவு ஆகிறது என்று நீயே போட்டுக்கொள். தண்ணீருக்கு என்ன இருந்தது தெரியுமா, நம் தெருமுனையில் இருந்தது போலவே ஒரு அடிபம்பு! அமெரிக்காவுக்குப் போய் அடிபம்பு அடித்தவன் நம் செட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தண்ணீர் தூக்கி முடித்தால் லத்தி அள்ள வேண்டும், அள்ளி அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் கொட்ட வேண்டும். அது முடிந்தால் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும், முதுகைத் தேய்த்துவிட வேண்டும். இதற்குள் அடுத்த வேளைத் தீனிக்கு நேரம் வந்துவிடும். நமக்கான சாப்பாடு கடைசியில்தான், அதுவும் ரொட்டிக்குள் எதையோ வைத்து. சவாரி என்பது இத்தனைக்கும் நடுவில் கிடைக்கும் ஒரு இடைவேளை.

புல்லைப் பற்றியும் ஒரு சேதி. மேற்கே பல மாநிலங்களில் தேசியக் காடுகளுக்குக் குதிரையோடு போனால் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற புல்லைத்தான் கொண்டுபோக வேண்டுமாம். குதிரை தின்று போட்ட லத்தியிலிருந்து புதுக்களை முளைத்துக் காட்டைப் பிடித்துவிடும் என்ற பயம். நம் சேர்வராயன் மலையில் உண்ணிச்செடி அடைத்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது அதிகப்படியாகத் தோன்றவில்லை.

இப்போது உங்கப்பா விஷயம். அங்கே குதிரையை நேராக மரத்தில் கட்டக் கூடாது, பட்டையைக் கிளறிவிடும், வேரையும் மிதித்துக் கெடுக்கும். இரண்டு மரத்தில் அகலமான நாடாவைச் சுற்றி, தலைக்கு மேலே, தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டி, அதிலிருந்து குதிரையின் பிடிகயிற்றைத் தொங்கவிட வேண்டும். அந்த அம்மா எனக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்க வந்தார். எந்தப் பக்கம் குதிரை இழுத்தாலும் அவிழாது, இந்த நுனியை நீ இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் என்று ஆரம்பித்தார். நான் போட்டுக் காட்டினேன். ஜங்ஷன் ஸ்டாண்டில் உங்கப்பா தன் ஜட்கா வண்டிக் குதிரை ராணியை விளக்குக் கம்பத்தில் கட்டுவாரே, அதே உருவாஞ்சுருக்கு. அந்த அம்மா என்னைக் குதிரைக்காரன் என்று நம்பிவிட்டார். நானும் மறுக்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் கோட்டை விட்டேன். முடிச்சு சரி, ஆனால் பிடிகயிற்றை ஒரு சாண் நீளமாக விட்டுவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ தட்டும் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் என் குதிரை முன்னங்காலைக் கயிற்றுக்குள் மாட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, அசையாமல் நிற்கிறது. துள்ளியிருந்தால் கால் போயிருக்கும். நுனியைத் தேடி இழுத்தேன், அவிழ்ந்தது. அந்த அம்மா வந்தார், காலைத் தடவிப் பார்த்தார், என்னை ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றைத் தானே அளந்து கட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. நான் விடியும்வரை அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்ததால்தான் எல்க் கத்துவதைக் கேட்டேன். நம் கடமானுக்கு உறவு, இன்னும் பெரிசு. உருவத்தைப் பார்த்தால் கர்ஜிக்கும் என்று நினைப்பாய், ஆனால் புல்லாங்குழலில் பழகாத ஆள் ஊதியது போல உச்சத்தில் ஒரு கீச்சு, கடைசியில் ஓர் உறுமல். அந்த மாநிலத்தில் அந்த இனமே அழிந்துபோய், 1918-ல் மேற்கிலிருந்து ஏழே ஏழு எல்க்கைக் கொண்டுவந்து விட்டார்களாம், இப்போது இருப்பவை அதிலிருந்து பெருகியவை. மூன்று குதிரையும் ஒரே நேரத்தில் காதைத் திருப்பின. எனக்குக் கேட்டது அதற்கப்புறம்தான்.

ஒன்றில் மட்டும் உங்கப்பா தவறு, கோபித்துக்கொள்ளாதே. வேர்த்து வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது என்று நம்மை விரட்டுவாரே, அது பழைய நம்பிக்கையாம். ஓடி வந்ததும் குடிக்க விடுவதுதான் நல்லது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். ராணி பாவம், எத்தனை நாள் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கும்.

இங்கே காப்பிப் பழம் சிவந்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. போன வாரம் கீழ் எஸ்டேட்டில் காட்டெருமை மூன்று வந்து நின்றன. உன் முட்டி எப்படி இருக்கிறது? இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் வந்தால் முட்டிக்கு ஒன்றும் ஆகாது, சாக்குச் சொல்லாமல் வா. அடுத்த ஆடிக்கு அந்தியூர் குதிரைச் சந்தைக்கும் சேர்ந்து போவோம், வாங்க அல்ல, பார்க்கத்தான்.

மறந்தேவிட்டேன், முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நாம் குதிரைக்குக் கொள்ளு போடுவதைப் பற்றி அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர்கள் ஓட்ஸ்தான் போடுகிறார்கள், கொள்ளு பார்த்ததே இல்லையாம். ஊறவைத்தா, வேகவைத்தா, ஒரு வேளைக்கு எத்தனை படி என்று மகளிடம் மூன்று தடவை கேட்டு அனுப்பிவிட்டார். உங்கப்பா என்ன கணக்கில் போட்டார் என்று உன் அக்காவைக் கேட்டு எழுது. நான் குதிரைக்காரன் இல்லை என்று தெரிவதற்குள் எழுது.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்