மெருகேற்றும் முன் குழலை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். துருவை நீக்குவது, மரக்கட்டைக்கு மெருகேற்றுவது, குழலுக்குக் கருநீல நிறம் ஏற்றுவது ஆகியவற்றை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அந்தக் குழல் இனியும் வெடியைத் தாங்குமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் இது ஏட்டளவிலான கேள்வி அன்று. காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்த பிறகு, உரிமம் வைத்திருப்பவர்களின் துப்பாக்கிகளுக்கு மீண்டும் வேலை வந்திருக்கிறது.

இங்கிலாந்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த துப்பாக்கிகள் பலவற்றில் இருப்பவை டமாஸ்கஸ் குழல்கள். இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, உருளைக் கம்பியின்மேல் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தவை அவை. அந்த ஒட்டுகளுக்குள் துரு இறங்கியிருந்தால் மேலுக்குத் தெரியாது. பழங்காலக் கரிய வெடிமருந்தான கருமருந்துக்கென்று செய்த குழலில், அழுத்தம் மிகுந்த இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது எவ்வளவு ஆபத்தானது என்று நான் விளக்கத் தேவையில்லை. இதைவிட ஏமாற்றுவது, குழலில் தோட்டா அமரும் அறையின் நீளம். பழைய ஆங்கிலேய 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கிகளின் அறை பெரும்பாலும் 65 மி.மீ. தோட்டாவுக்கு உரியது. இப்போது பரவலாகக் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டாவும் அதற்குள் தடையின்றிப் போய்விடும். ஏனெனில் 70 மி.மீ. என்பது சுட்டபின் தோட்டாவின் மடித்த வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். வாய் விரிய இடமில்லாதபோது அழுத்தம் கூடுகிறது.

கட்டுரையாளர் பரிந்துரைக்கும் எமரித் தாள் இன்னொரு தீங்கையும் செய்யும். எந்த மருந்துக்கு, எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்ட குழல் என்பதைச் சொல்லும் சோதனை முத்திரைகள் குழலின் அடிப்பக்கத்தில், அறைக்கு அருகே, பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தேய்த்துவிட்டால் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழையே கிழித்ததாகும். உட்புறக் குழிகளைக் கடைந்தும் வெளிப்புறத் துருவைத் தேய்த்தும் சுவரை இருபக்கமும் மெலியச் செய்கிறோம். மிக மெல்லிய இடத்தில் அரை மி.மீ.க்கும் குறைந்தால் அந்தக் குழலைச் சுடத் தகாததாகவே பொதுவாகக் கருதுவார்கள். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி நிறமேற்றுவதும் கூடாது. இரு குழல்களுக்கும் நடுவிலுள்ள பட்டையைப் பிடித்திருப்பது ஈயப் பற்றாசு (சால்டர்). அதைக் காரம் அரித்துவிடும். பழைய கைவினைஞர்கள் மெல்லத் துருவேற்றி, சுரண்டி, மீண்டும் துருவேற்றியே நிறம் கொண்டுவந்தார்கள். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். மரச்சாமான் கடை வார்னிஷ் பூசிய வால்நட் கட்டையைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

நூறாண்டு கடந்த துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று கட்டுரையில் எழுதியிருப்பதும் சரியன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிப்பது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத பழம்பொருளுக்கு மட்டுமே. பழுது பார்த்துச் சுட முடியுமானால் அது வயதைக் காட்டித் தப்ப முடியாது. பழுது பார்க்கும் தொழிலுக்கும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும் என்பதால், கொல்லுப்பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொள்வது இரு தரப்பினரையும் வழக்கில் மாட்டிவிடும்.

ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது துப்பாக்கியில் பொறித்த எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரைக்கொண்டு அறையின் நீளத்தையும் குழற்சுவரின் கனத்தையும் அளந்து பதிவுசெய்ய மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். பன்றி வேட்டைக்கு அழைக்கப்படுபவர்களின் துப்பாக்கிகளுக்கு இந்த அளவீட்டைப் புதுப்பிக்கும் நாள் வரை ஒத்திவைக்காமல் உடனே செய்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை