ஹெட்ஃபோன் ஆம்ப் ரிட்டர்ன், ரீஃபண்ட் சம்பந்தமா புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் சார் / மேடம்,

உங்க சைட்ல வாங்குன வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப் (கண்ணாடி வால்வு வெச்சு ஹெட்ஃபோனுக்கு சத்தத்த கூட்டற பெட்டி) எனக்கு வேணாங்க, எடுத்துட்டு போய்ட்டு பணத்த திருப்பி குடுங்க. சாட்ல எத்தனையோ தடவ சொல்லியாச்சு, நீங்க பாட்டுக்கு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டே இருக்கீங்க, அதனால முழுசா எழுதறேன்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே உங்க ஆளு கிட்ட தெளிவா கேட்டேன். என்கிட்ட ரெண்டு ஹெட்ஃபோன் இருக்கு, ஒண்ணு சென்ஹைசர் எச்.டி. 600, அது 300 ஓம் இம்பிடன்ஸ் (கரண்ட்டுக்கு காட்டற தடை), இன்னொண்ணு 32 ஓம், காத மூடுற டைப், ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்குனப்புறம் அதுலதான் அதிகமா கேப்பேன், ரெண்டுக்கும் சேர்ற ஆம்ப் சொல்லுங்க, அதோட அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப்போட சொந்த தடை, எவ்ளோன்னும் சொல்லுங்கன்னு. வந்த பதில் "16லருந்து 600 ஓம் வரைக்கும் சப்போர்ட் சார், எல்லாத்துக்கும் செட் ஆகும்". நான் கேட்டது ஆம்ப்புக்குள்ள இருக்கற இம்பிடன்ஸ், நீங்க சொன்னது வெளிய மாட்டற ஹெட்ஃபோனோட இம்பிடன்ஸ். பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டா ஐம்பது சீட்டுங்கன்னு சொல்ற மாதிரி. மெயில்ல கேட்டாலும் அதே வரிய காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பறீங்க.

வந்தப்புறம் மாட்டி பாத்தா 300 ஓம்ல நல்லாவே இருக்கு, பொய் சொல்லல, பாஸ், அதாவது அடி சத்தம், லேசா தூக்கலா இருந்தாலும் குரலெல்லாம் அழகா வருது. 32 ஓம்ல மாட்டுனா சத்தமே எழும்பல, வால்யூம ஏத்துனா கரகரங்குது, பாஸ் வீங்கி போய் தபேலாவும் டிரம்ஸும் ஒண்ணா கொழகொழன்னு கேக்குது.

சரி அளந்தே பாத்துரலாம்னு டவுன்ல ஸ்பேர்ஸ் கடைல ஒரு 33 ஓம் ரெசிஸ்டர் வாங்கி, 100 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு மல்டிமீட்டர் வெச்சேன். லோடு இல்லாம 1 வோல்ட், ரெசிஸ்டர் போட்டதும் 0.3 வோல்ட். கணக்கு போட்டா அவுட்புட் இம்பிடன்ஸ் கிட்டத்தட்ட 77 ஓம் வருது. இது ஹெட்ஃபோன் இம்பிடன்ஸ்ல எட்டுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு இந்த ஃபீல்டுல எல்லாரும் சொல்ற கணக்கு, 32க்கு அது 4 ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்னா இப்படி இருக்கறது சகஜம்தான், டிசைன நான் குறை சொல்லல, ஆனா அத 32 ஓம் வெச்சிருக்கறவன் தலைல கட்டுனீங்க பாருங்க, அதுதான் புகார்.

இதுக்கு உங்க டெக்னிக்கல் டீம் சொன்ன வைத்தியம் "100 மணி நேரம் பர்ன் இன் பண்ணுங்க", அதாவது புது ஆம்ப்ப ஓட விட்டு பழக்கணுமாம். தினம் ராத்திரி மூணு மணி நேரம் கேட்டா ஒரு மாசத்துக்கு மேல ஆகும், உங்க ரிட்டர்ன் டைமோ 7 நாள். நல்லா இருக்குங்க உங்க ஏற்பாடு. எத்தன மணி நேரம் ஓட்டுனாலும் 77 ஓம் 4 ஓம் ஆயிடாது.

அடுத்தது பிக்கப். ஏற்காட்டுக்கு டெலிவரி மட்டும் கரெக்டா வீட்டு வாசலுக்கே வந்துச்சு, ரிட்டர்ன்னு சொன்னதும் "உங்க ஏரியாவுக்கு பிக்கப் இல்ல, சேலம் வந்து குடுத்துடுங்க"ன்னு சொல்றீங்க. கண்ணாடி வால்வ வெச்சுகிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு பைக்ல நான் இறங்கணுமா? உடைஞ்சா கஸ்டமர் டேமேஜ்னு எழுதிட மாட்டீங்கன்னு என்ன கேரண்டி?

முழு பணமும் வேணும், கூப்பன் கீப்பன்லாம் வேணாம். பிக்கப் வீட்டுலருந்தே எடுக்கணும், செலவு உங்களுது. அந்த ஆம்ப் பேஜ்ல அவுட்புட் இம்பிடன்ஸ்னு தனியா ஒரு வரி போடுங்க, 16-600ன்னு போட்டு ஏமாத்தாதீங்க, அடுத்து வாங்கறவங்களாவது தப்பிப்பாங்க.

பதினஞ்சு நாளுக்குள்ள பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதிவு பண்ணிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் கேஸ் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நான் இருக்கற மாவட்டத்துலயே போடலாம், உங்க ஊருக்கு வர வேண்டியதில்ல. சாட், மெயில் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மீட்டர் ரீடிங் போட்டோவும் சேர்த்து இதோட வெச்சிருக்கேன்.

டப்பா, தெர்மாகோல், அடாப்டர் எல்லாம் வந்தபடியே இருக்கு. ஆள் அனுப்பறதுக்கு முதல் நாள் போன் பண்ணுங்க, மழை பேஞ்சா இங்க டவர் கிடைக்காது, எஸ்.எம்.எஸ்ஸும் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
ஏற்காடு