ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று இரவு அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, "இவனையெல்லாம் விசாரணையே இல்லாம தூக்குல போடணும்ப்பா" என்றாய். நான் "ம்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். உனக்கு அது வருத்தமாக இருந்திருக்கும். உன் கோபத்தில் தப்பே இல்லையம்மா. குழந்தை மேல் கை வைத்தவனைப் பற்றிப் படித்தால் எனக்கும் வயிறு எரிகிறது. உன் வயதில் நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன்.

என்னை மாற்றியது ஜப்பானில் நடந்த ஒரு வழக்கு. 1966-இல் மிசோ என்னும் சோயா விழுது செய்யும் ஆலையின் நிர்வாகி ஒருவரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அங்கே வேலை பார்த்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் இவாவோ ஹகமாடாவைப் பிடித்து, ஏறக்குறைய 20 நாள் விசாரித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். நீதிமன்றத்தில் அவர் அதை மறுத்தார். கொலை நடந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, மிசோ தொட்டிக்குள்ளிருந்து ரத்தக்கறை படிந்த உடைகளை எடுத்து, அவை அவருடையவை என்றார்கள். அதிலிருந்த கால்சட்டை அவருக்குச் சேரவே இல்லை. ஆனாலும் 1968-இல் மரண தண்டனை. தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர், அவர் நிரபராதி என்றே தான் நம்பியதாக 2007-இல் வெளியே சொன்னார். மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளாததால், அந்தத் தீர்ப்பைத் தன் கையாலேயே எழுத வேண்டி வந்ததாம்.

அங்கே தூக்கிலிடும் நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை. அன்று காலைதான் கைதிக்கே தெரியும். ஒவ்வொரு காலையும் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி எத்தனை ஆண்டுகள்! அவர் மனமே சிதைந்துபோனது. 2014-இல் வெளியே விட்டார்கள். நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024 செப்டம்பரில், வயது 88. அந்த உடைகளில் ரத்தம் பூசியதே புலனாய்வாளர்கள்தான் என்றது நீதிமன்றம். இத்தனை காலமும் அவருக்காகப் போராடியவர் அக்கா ஹிதேகோ. அவருக்கு அப்போது 91.

இவருக்காவது உயிர் மிஞ்சியது. 1950-இல் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட திமோத்தி எவன்ஸுக்கு மன்னிப்பு கிடைத்தது 1966-இல். அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி என்பவன் தொடர்கொலைகாரன் என்பது அவரைத் தூக்கிலிட்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

பயம் இருந்தால்தான் குற்றம் குறையும் என்றும் சொன்னாய். 1800-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினாலே தூக்கு. திருட்டு நிற்கவில்லை. மாறாக ஜூரிகள், மனசு கேட்காமல், திருடுபோன பொருளின் விலையைக் குறைத்துச் சொல்லி ஆளைக் காப்பாற்றினார்கள். அந்தப் பொய் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2012-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 30 ஆண்டுக்கும் மேலான ஆய்வுகளை அலசிவிட்டு, மரண தண்டனையால் கொலை குறைகிறதா கூடுகிறதா என்று அவற்றை வைத்துச் சொல்லவே முடியாது என்றது.

வலிக்காமல் கொல்கிறோம் என்றுதான் 1792-இல் தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரம் வந்தது, 1982-இல் விஷ ஊசி வந்தது, 2024-இல் அமெரிக்காவின் அலபாமாவில் மூச்சை நிறுத்தும் நைட்ரஜன் வாயு வந்தது. ஒவ்வொரு முறையும் இதுதான் கருணையான வழி என்றார்கள்.

2024 முடிவில் 113 நாடுகள் மரண தண்டனையை முற்றிலும் ஒழித்துவிட்டிருந்தன. ஆனால் அந்த ஆண்டில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்டோர் இந்தத் தண்டனையில் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு கணக்கெடுத்தது. சீனாவின் எண்ணிக்கை அரசு ரகசியம். அது இதில் சேரவில்லை. பத்தில் ஒன்பது பங்கு ஈரான், சவூதி, ஈராக்கில். செத்தவர்களில் நிறையப் பேர் போதைப்பொருள் வழக்கில் சிக்கியவர்கள். கொலைகாரனை மனதில் வைத்து நாம் கேட்கும் கயிறு யார் யார் கழுத்துக்கெல்லாம் போகிறது பார்.

"நம்ம வீட்டுல நடந்தா?" என்று கேட்பாய். நடந்தால் நானும் தூக்குதான் கேட்பேன் கண்ணம்மா, உன்னைவிடச் சத்தமாக. அந்த நேரத்தில் என் பேச்சைக் கேட்டு யாரும் எதுவும் செய்துவிடக் கூடாது என்று, புத்தி தெளிவாக இருக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எல்லாவற்றுக்கும் நீ ஒத்துக்கொள்ள வேண்டாம், சண்டை போடு. அந்த "விசாரணையே இல்லாம" என்பதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா