போட்டி இருக்கட்டும், காரணமும் வெளிவரட்டும்

ஆசிரியருக்கு,

கலைகளுக்குப் போட்டி தேவையா என்று கேட்ட தங்கள் தலையங்கம் படித்தேன். போட்டியே கலையைக் கெடுக்கும் என்பதை ஏற்க முடியவில்லை. 1401இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரின் ஞானஸ்நான ஆலய வெண்கலக் கதவுக்கு நடந்த போட்டியில் சிற்பி கிபெர்ட்டி வென்றார். வாய்ப்பை இழந்த புருனெல்லெஸ்கி பின்னாளில் அதே நகரின் பேராலயக் குவிமாடத்தை எழுப்பினார். அன்று இருவரும் செய்த மாதிரிப் புடைப்புச் சிற்பங்கள் இன்றும் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்க்கிற எவரும் நடுவர்களோடு சண்டை போடலாம்! இன்றைய போட்டிகளில் அதற்கு வழியில்லை. முடிவை அறிவிப்பவர்கள் காரணத்தை மறைத்துவிடுகிறார்கள்.

சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தபோது எங்களிடம் மதிப்பெண் பட்டியலை மட்டும்தான் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் எழுதிய குறிப்புகள் படைப்பாளிகளிடம் போய்ச் சேரவில்லை. பரிசுத்தொகையைச் சற்றுக் குறைத்தாலும் சரி, இறுதிச் சுற்றுப் படைப்புகளை நடுவர் குறிப்புகளோடு வெளியிட அமைப்பாளர்கள் முன்வர வேண்டும்.