படிக்கட்டுக் கறை போய்விட்டது, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் போனில், "பின்னாடி குளத்துல கறைன்னு சொன்னியே, போச்சா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டான். போய்விட்டது அம்மா. எப்படிப் போனது என்பதை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். அதில் உன் பங்கு பெரியது.

இந்த வீட்டின் பின்புறம் 40,000 லிட்டர் பிடிக்கும் நீச்சல் குளம் இருக்கிறது. சுற்றிலும் வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்கின்றன, பிள்ளைகளை நினைத்துப் பயப்படாதே. வாடகை ஒப்பந்தத்தில் குளத்தைப் பார்த்துக்கொள்வது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி உண்டு. இங்கே எந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டாலும் கூலி கட்டுப்படியாகாது. குழாய் ஒழுகினாலும் சுவர் உரிந்தாலும் நாங்களேதான் பார்க்கிறோம். குளமும் அப்படித்தான் என் தலையில் வந்தது. அவர் வேலைக்குப் போய்த் திரும்ப இருட்டிவிடுகிறது.

குடிவந்தபோதே குளத்தில் இரண்டு கறைகள். மரத்தடிப் பக்கம் தரையில் பழுப்பாக, இலை விழுந்து கிடந்த வடிவம் அப்படியே பதிந்திருந்தது. படிக்கட்டிலும் அதை ஒட்டிய சுவரிலும் வேறொன்று: மஞ்சளும் பழுப்புமாக, தேநீர் வழிந்து காய்ந்தது போல. இலைக்கறை மேல் குளோரினைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டே நாளில் மறைந்தது. அந்தத் தைரியத்தில் படிக்கட்டுக்கும் அதையே செய்தேன். அம்மா, மூன்று வாரம் தேய்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம். கறை முன்பைவிடக் கருத்துப்போனது.

ஒரு நாள் அழுகை வந்துவிட்டது. தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டு வெறும் சுவரில் வைத்துச் சுரண்டலாம் என்று அவரிடம் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் காதில் அது விழுந்திருக்கிறது. ஓடி வந்து தடுத்தார். மழை பெய்து நிலத்தடி நீர் ஏறியிருக்கும் சமயத்தில் குளத்தைக் காலி செய்தால், கீழேயிருந்து தண்ணீர் தள்ளி, குளமே மண்ணைவிட்டு மேலே எழும்பிவிடுமாம். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அழுத்தி வைத்திருக்கிறது. எனக்கு அன்றைக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

அவர்தான் கேட்டார்: "கறை எதனால் என்று பார்த்தாயா?" நான் பார்க்கவே இல்லை. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறைமேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்து எடுத்தால், மாத்திரை இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளைச் சுவர் தெரிகிறது! மாத்திரைக்கு வெளுத்தால் அது உலோகக் கறை, பெரும்பாலும் இரும்பு. குளோரினுக்கு வெளுத்தால் இலை, பாசி மாதிரியான கறை. இரண்டுக்கும் அசையாமல், வெள்ளையும் சாம்பலுமாகச் சொரசொரவென்று இருந்தால் சுண்ணாம்புப் படிவு.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. பள்ளிச் சட்டையில் துருக்கறை பட்டால் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துத் தேய்ப்பாயே! நான் பிளீச்சிங் பவுடரை எடுத்தால், "அது துருவுக்கு ஆகாதுடி, கறை இன்னும் இறுகிப்போயிரும்" என்று பிடுங்கி வைப்பாய். குளத்துக்குப் போடும் குளோரினும் அந்த வகைதான். மூன்று வாரமாக நான் துருவுக்கு அதையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரும்பு எங்கிருந்து வந்தது என்றால், தண்ணீரிலிருந்துதான். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு. இரும்பு கரைந்திருக்கும்போது தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். குளோரின் பட்டதும் துருவாக மாறிச் சுவரில் உட்கார்ந்துவிடும். வெயிலில் ஆவியாகக் குறைகிற தண்ணீரை வாராவாரம் நிரப்பும்போது, கொஞ்சம் கொஞ்சமாக நானே இரும்பையும் சேர்த்து நிரப்பியிருக்கிறேன்.

பெரியவர் வீட்டுக் குளத்தில் நீலப்பச்சைக் கறை இருந்ததாம். அது செம்பு. தண்ணீரின் பிஎச் ரொம்ப இறங்கி, அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடி, ஹீட்டருக்குள் இருந்த செம்புக் குழாயை அரித்துவிட்டது. பேத்தியின் பொன்னிறத் தலைமுடிகூடப் பச்சை பாய்ந்துவிட்டதாம். எல்லோரும் குளோரினைத் திட்டியிருக்கிறார்கள், காரணம் செம்பு. பாசி மருந்துகளிலும் சிலவற்றில் செம்பு உண்டு, புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கு என்றார்.

பிறகு வைத்தியம். மாத்திரையில் இருக்கிற அதே அஸ்கார்பிக் அமிலத்தைத் தூளாக அரைக் கிலோ வாங்கினோம். எங்கள் குளத்துக்கு ஏறக்குறைய அந்த அளவுதான். குளோரின் இருந்தால் அது இந்தத் தூளைத் தின்றுவிடும், அதனால் குளோரின் போடுவதை நிறுத்திவிட்டு, வெயில் அதைக் குறைக்கும்வரை காத்திருந்தேன். தினமும் டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். குளோரின் இல்லாத நாட்களில் பாசி பிடிக்காமலிருக்க, செம்பு கலக்காத பாசி மருந்து போட்டோம். அந்த நாட்களில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை காலை பம்பை ஓடவிட்டு, ஓரமாகச் சுற்றி வந்து தூளைத் தூவினேன். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன் அம்மா. அரை மணிக்குள் ஓரங்கள் வெளுத்தன. ஒரு மணி நேரத்தில் படியின் வெள்ளை முழுதாகத் தெரிந்தது. நான் தேய்க்கவே இல்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றோம்.

ஆனால் இரும்பு எங்கும் போய்விடவில்லை, சுவரைவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உடனே குளோரினைக் கொட்டினால் திரும்பவும் படியில் ஏறிக்கொள்ளும். அதனால் இரும்பைத் தண்ணீரிலேயே கட்டிப் பிடித்து வைக்கும் மருந்தொன்றை அன்றே ஊற்றினோம். பிஎச்சை 7.2 பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பல நாட்கள் குளோரினைச் சிறுகச் சிறுகச் சேர்த்தேன். முதல் சில நாள் போட்ட குளோரின் போன இடம் தெரியவில்லை. மிச்சமிருந்த தூள் அதைத் தின்றிருக்கிறது. பொறுமையாக இருந்தேன். அந்தக் கட்டும் மருந்தும் நாளாவட்டத்தில் சிதைந்துபோகும், அதனால் விட்டுவிட்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது தண்ணீர் நிரப்பும் குழாயிலும் இரும்பைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்திவிட்டோம்.

நீ கவலைப்படுவாய் என்று தெரியும், அதனால் இதையும் எழுதுகிறேன். கையுறை, கண்ணாடி இல்லாமல் எதையும் தொடுவதில்லை. அமிலத்தையும் குளோரினையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்லை, கலந்தால் விஷவாயு. குளோரினிலேயே இரண்டு வகையை ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதனால் ஒன்றுக்குப் போட்ட கரண்டியை இன்னொன்றுக்குப் போடுவதில்லை. மருந்தைத்தான் தண்ணீரில் போடுவேன், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றமாட்டேன்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் பாக்கி. ஆழமில்லாத பக்கத்துச் சுவரில், காசு அளவில் சிவந்த பழுப்புப் புள்ளி. மாத்திரைக்கு வெளுக்கிறது, இரண்டே வாரத்தில் அதே இடத்தில் திரும்பி வருகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி மேற்பூச்சுக்குக் கிட்டே வந்து துருப்பிடிக்கிறது என்கிறார் பெரியவர். அதற்கு மருந்து உதவாது. பூச்சைக் கொத்தி, கம்பி நுனியை வெட்டி, திரும்பப் பூச வேண்டும். அது வீட்டுச் சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை. படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன், வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார். புள்ளிக்குக் கீழே வரை மட்டும் தண்ணீரை இறக்கினால் போதுமாம்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு. கம்பி விஷயத்தில் அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். வியாழனுக்கு முன்னால் போன் பண்ணச் சொல்.

உன் அன்பு மகள்